பட்டுக்கயிறு பின்னலாம் வாங்க: குமிஹிமோ, முதல் தட்டிலிருந்து முதல் குஞ்சம் வரை

நான் முதன்முதலாகப் பின்னிய குமிஹிமோ கயிறு இப்போது வீட்டுச் சாவிக்கொத்தில் தொங்குகிறது. ஒரு முனை கம்பி மாதிரி விறைப்பு, மறுமுனை தொளதொளப்பு, நடுவில் ஓர் இடத்தில் புடைப்பு. மூன்று கோளாறுக்கும் காரணம் ஒன்றுதான்: நான் நூலை இழுத்தேன். இந்தக் கலையில் நூலை யாரும் இழுப்பதில்லை. எடைதான் இழுக்கும். கை வெறுமனே இழையை எடுத்து இடம் மாற்றி வைக்கும், அவ்வளவுதான். இது மண்டையில் ஏற எனக்கு நான்கு கயிறு வீணாயிற்று. உங்களுக்கு ஒன்றோடு போகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

‘குமு’ என்றால் ஜப்பானிய மொழியில் இழைகளைக் கூட்டிப் பின்னுதல். ‘ஹிமோ’ கயிறு. இரண்டும் சேர்ந்தால் குமிஹிமோ. 2016ல் வந்த ஒரு ஜப்பானிய அனிமேஷன் படத்தில் பாட்டியும் பேத்திகளும் உட்கார்ந்து கயிறு பின்னுவார்களே, அதைப் பார்த்துவிட்டு இந்தப் பக்கம் வந்தவர்கள் நிறைய. நானும் அந்தக் கூட்டம்தான்.

சடை பின்னத் தெரிந்தவர்களுக்கு இது பாதி தெரிந்த மாதிரி. தறியில் பாவும் ஊடையும் நேர்க்குறுக்காகச் சந்திக்கும். பின்னலில் ஊடை என்று தனியாக ஒன்று கிடையாது. எல்லா இழையும் மேலிருந்து கீழே ஓடுபவைதான், சாய்வாக ஒன்றை ஒன்று கடந்து போகும். அதனால்தான் பின்னிய கயிறு இழுத்தால் கொஞ்சம் நீண்டு கொடுக்கிறது, வளைத்த பக்கம் வளைகிறது, போட்ட முடிச்சைப் பிடித்துக்கொள்கிறது. சடையில் மூன்று கால். இங்கே நாம் தொடங்கப்போவது எட்டில்.

இவ்வளவு கறாராக ஏன் பின்ன வேண்டும் என்று கேட்டால், அந்தக் கயிற்றை ஜப்பானில் எதற்கெல்லாம் பயன்படுத்தினார்கள் என்று பார்க்க வேண்டும். பௌத்தத்தோடு சேர்ந்து சீனா, கொரியா வழியாக வந்த பின்னல்கள் இவை. நாரா நகரத்து தோதாய்ஜி கோயிலின் ஷோசோஇன் கருவூலத்தில் 8ஆம் நூற்றாண்டுப் பட்டுப் பின்னல்கள் இன்றும் பத்திரமாக இருக்கின்றன. சூத்திரச் சுருளைக் கட்டவும் இடுப்பில் கட்டவும் பயன்பட்ட கயிறு, பிற்பாடு சாமுராய்களின் கவசத்துக்குப் போனது. அந்தக் கவசம் ஒரே இரும்புத் தகடு அல்ல. சின்னச் சின்னத் தகடுகளை வரிசை வரிசையாகப் பட்டுப் பின்னலில் கோத்துத் தொங்கவிட்டிருப்பார்கள். ஆள் குனிந்தால் கயிறும் நெளிந்து கொடுக்க வேண்டும், ஆனால் தகடு கழன்று விழக்கூடாது. வாள் உறையை இடுப்போடு கட்டியதும், வாளின் கைப்பிடியில் சுற்றியதும் பின்னல்தான். ஓரிடம் இறுகி ஓரிடம் தளர்ந்த என் சாவிக்கொத்துக் கயிற்றை நம்பி யாரும் போருக்குப் போக முடியாது.

1876ல் மெய்ஜி அரசு பொது இடங்களில் வாள் அணியத் தடை போட்டது. கயிற்றுக்கு இருந்த பெரிய சந்தை ஒரே ஆணையில் படுத்துவிட்டது. பின்னல்காரர்கள் பெண்களின் கிமோனோ பக்கம் திரும்பினார்கள். ஒபி என்கிற அகலமான இடுப்புப் பட்டை அவிழாமல் இருக்க, அதன் நடுவே சுற்றிக் கட்டும் கயிறு ஒபிஜிமே. சுமார் ஒன்றரை மீட்டர் நீளம், இரண்டு முனையிலும் குஞ்சம். தொழிலை இன்றுவரை தாங்கிப் பிடித்திருப்பது பெரும்பாலும் இந்த ஒரு கயிறுதான்.

கியோட்டோவும் மியே மாநிலத்து இகாவும் இதற்குப் பேர்போன ஊர்கள். இகா என்றதும் நிஞ்ஜா ஞாபகம் வந்தால் சரிதான், அதே ஊர். 1902ல் ஹிரோசாவா தொகுசாபுரோ என்பவர் டோக்கியோவில் தொழில் கற்றுத் திரும்பி அங்கே பட்டறை போட்டார். இரண்டு ஊர்ப் பின்னலும் 1976ல் ஜப்பான் அரசின் மரபுக் கைவினைப் பட்டியலில் சேர்ந்தன. டோக்கியோவின் உயெனோ பகுதியில் தோம்யோ என்ற கயிற்றுக்கடை 1652 முதல் இருக்கிறது. ஜப்பான் போக வாய்த்தால் இகாவுக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். வருகிறவர்களையே உட்காரவைத்து ஒரு சிறு கயிறு பின்னவிடும் நிலையம் அங்கே உண்டு.

மருதையும் அதன் ஏழைத் தம்பியும்

தொடங்குபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய மரபுக் கருவி மருதை. (மதுரையை மருதை என்று சொல்லி வளர்ந்தவர்கள் சிரிக்க வேண்டாம், ஓசை அப்படித்தான் வருகிறது.) ‘மரு’ வட்டம், ‘தை’ மேடை. நான்கு கால், மேலே நடுவில் ஓட்டையோடு வழவழவென்று ஒரு வட்டப் பலகை. அந்தப் பலகைக்குப் பெயர் ககாமி, அதாவது முகம் பார்க்கும் கண்ணாடி. ஒவ்வோர் இழையின் முனையிலும் தமா என்ற மரக் குண்டு தொங்கும். கனத்துக்காக உள்ளே ஈயம் வைத்திருப்பார்கள். பின்னப்பின்னக் கயிறு ஓட்டை வழியாகக் கீழே இறங்கும், அதன் நுனியில் ஓர் எதிர்எடை. குண்டுகள் இழைகளை வெளிப்பக்கம் இழுக்க, எதிர்எடை கயிற்றைக் கீழே இழுக்க, இரண்டுக்கும் நடுவில் பின்னல் தானாக அமைந்துகொள்ளும். தறி மாதிரி பெரிதாக டகாதை என்று இன்னொரு சட்டமும் உண்டு, தட்டையான வேலைப்பாடுகளுக்கு. அது இப்போதைக்கு நம் பேச்சில் வேண்டாம்.

நாம் எடுக்கப்போவது மருதையின் ஏழைத் தம்பியை: உள்ளங்கையில் அடங்கும் நுரைத்தட்டு. நடுவில் ஓட்டை, விளிம்பைச் சுற்றி 32 வெட்டு. எடை செய்யும் வேலையை இங்கே வெட்டுகள் செய்யும், இழையைக் கவ்விப் பிடித்துக்கொண்டு. ஆன்லைனில் குமிஹிமோ டிஸ்க் என்று தேடினால் கிடைக்கிறது. வாங்க மனமில்லாவிட்டால் வீட்டிலேயே செய்யலாம்.

பழைய யோகா பாயில் 12 செ.மீ. குறுக்களவுக்கு இரண்டு வட்டம் வெட்டுங்கள். நடுவே அதே அளவில் ஒரு கெட்டி அட்டை வைத்து மூன்றையும் ஒட்டுங்கள். அட்டை இல்லாவிட்டால் தட்டு மடங்கும். மையத்தில் 3 செ.மீ. ஓட்டை. விளிம்பை 32 சம பங்காகப் பிரிக்கப் பாகைமானி தேட வேண்டாம். அதே அளவில் ஒரு காகித வட்டம் வெட்டி, பாதி பாதியாக ஐந்து முறை மடித்து விரித்தால் 32 கோடு கிடைக்கும். ஐந்தாவது மடிப்பு முரண்டு பிடிக்கும், நகத்தால் அழுத்திவிடுங்கள். காகிதத்தைத் தட்டின்மேல் வைத்து ஒவ்வொரு கோட்டுக்கும் நேராக ஒரு செ.மீ. ஆழத்துக்குக் கத்தியால் கீறுங்கள். கீறினால் போதும், பள்ளம் தோண்ட வேண்டாம். வெட்டு அகலமானால் நூல் நழுவும்.

அப்புறம் கடிகாரம் சுற்றும் திசையில் 1 முதல் 32 வரை எண் எழுதி, நான்கு இடத்தில் பெரிய புள்ளி வையுங்கள்: 32க்கும் 1க்கும் நடுவே, 8க்கும் 9க்கும் நடுவே, 16க்கும் 17க்கும் நடுவே, 24க்கும் 25க்கும் நடுவே. இவைதான் வடக்கு, கிழக்கு, தெற்கு, மேற்கு.

நூல்

பட்டுக்கயிறு என்று தலைப்புப் போட்டுவிட்டு இதைச் சொல்வது கொஞ்சம் ஒருமாதிரிதான்: முதல் கயிற்றைப் பட்டில் பின்னாதீர்கள். பட்டு வழுக்கும், நகத்தின் சிறு பிசிறிலும் மாட்டும், தப்பை அவிழ்த்துப் போட்டால் பொசுபொசுவென்று முடி கிளம்பும். ஜப்பானியப் பின்னல் பட்டு, கூட்டிலிருந்து வரும் பசையைக் கொதிநீரில் போக்கி, சாயம் ஏற்றி, அதிக முறுக்கில்லாமல் பல இழைகளைச் சேர்த்தது. அந்த மினுமினுப்புக்குக் காரணமே முறுக்குக் குறைவுதான். கைக்குப் பழகாதவர்களை அது படுத்தி எடுப்பதற்கும் அதுவே காரணம்.

முதலுக்குச் சாதாரண எம்பிராய்டரி நூல் நல்லது. ஆறு புரி உள்ள கட்டு, ஒன்றில் 8 மீட்டர் இருக்கும். இரண்டு நிறத்தில் ஒவ்வொரு கட்டு போதும், ஒரு கைக்கயிறு வந்துவிடும். ஒன்று கறுப்பு அல்லது அடர்நீலம், மற்றது மஞ்சள் மாதிரி பளிச்சென்று எடுத்துக்கொள்ளுங்கள். காரணம் கொஞ்ச நேரத்தில் புரியும்.

இரண்டாவது மூன்றாவது கயிற்றுக்குப் பட்டுக்குப் போகலாம். நம் ஊர் ஃபேன்ஸி ஸ்டோர்களில் பட்டு வளையல், ஜிமிக்கி செய்வதற்கென்று ‘சில்க் த்ரெட்’ விற்கிறார்கள். பேர்தான் சில்க், பெரும்பாலும் செயற்கைப் பட்டு. பழகுவதற்கு அதுவும் மோசமில்லை. எது எது என்று தெரிந்துகொள்ள ஒரு சிறு துண்டைக் கொளுத்திப் பாருங்கள். அசல் பட்டு முடி கருகும் நாற்றம் அடிக்கும், நெருப்பை எடுத்ததும் அணையும், சாம்பல் விரலில் பொடியாகும். ரேயான் காகிதம் எரிவது போல எரிந்து போகும். பாலியெஸ்டர் உருகி மணியாகக் கெட்டிப்படும். அடர்நிற நூல் எதுவானாலும் ஈரமான வெள்ளைத் துணியில் ஒருமுறை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். நான் பார்க்காமல் விட்டு, அரக்குச் சிவப்பும் வெள்ளையுமாகப் பின்னிய கயிறு முதல் நாள் வியர்வையிலேயே ரோஸ் ஆயிற்று.

இன்னொன்று: தலைக்கு எண்ணெய் தேய்த்த கையோடு உட்காராதீர்கள். எண்ணெய்க்கறை பட்டில் இறங்கினால் போகாது.

எட்டு இழையைக் கட்டி மாட்டுவது

ஒவ்வொரு நிறத்திலும் ஒன்றரை மீட்டர் நீளத்தில் நான்கு துண்டு வெட்டுங்கள். இரண்டு துண்டைச் சேர்த்து ஒன்றாகக் கொண்டால், நிறத்துக்கு இரண்டாக மொத்தம் நான்கு நீள இழை. நான்கையும் ஒன்றாகப் பிடித்து, சரியாக நடுவில் வேறொரு நூலால் இறுக்கிக் கட்டி மடித்தால், எட்டு இழை, ஒவ்வொன்றும் 75 செ.மீ. இதிலிருந்து கைக்கயிறு அளவுக்குப் பின்னல் வந்து, முனைக்கும் மிச்சம் இருக்கும். இந்தப் பின்னல் நூலை நிறையத் தின்னும். வேண்டிய நீளத்தைப் போல மூன்று மடங்கு வெட்டிக்கொள்வது எனக்குப் பழக்கம். மிச்சம் வந்தால் குஞ்சமாகிவிடும், குறைந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

கட்டிய இடத்தை ஓட்டை வழியாகக் கீழே விடுங்கள். அதில் ஒரு சிறு துணிப்பையைத் தொங்கவிட்டு, பத்து ரூபாய் நாணயம் எட்டு போடுங்கள். ஏறக்குறைய 60 கிராம். தட்டில் பின்னுபவர்கள் பலர் எடை போடுவதில்லை, கீழே கையால் பிடித்துக்கொள்வார்கள். நான் போடச் சொல்கிறேன். முதல் கயிற்றிலேயே எடையின் வேலை என்னவென்று கை தெரிந்துகொள்ளும்.

இப்போது மேலே இழைகளைப் பிரியுங்கள். வடக்குப் புள்ளிக்கு இரு பக்கமும் (32, 1) கறுப்பு. தெற்கிலும் (16, 17) கறுப்பு. கிழக்கிலும் (8, 9) மேற்கிலும் (24, 25) மஞ்சள். எட்டும் மையத்திலிருந்து நேராக, தொய்வில்லாமல் வெட்டில் உட்கார வேண்டும். வீணைத் தந்தி போல முறுக்கேற்ற வேண்டாம். தொங்கும் மிச்ச நூலை ஒவ்வொன்றாகச் சின்ன அட்டைத் துண்டில் சுற்றி, ஓரத்தில் ஒரு கீறல் போட்டு மாட்டிவிடுங்கள். தட்டின் விளிம்புக்குக் கீழே ஒரு சாண் தொங்கினால் போதும். இதைச் சோம்பேறித்தனமாக விட்டால் பத்தாவது நிமிஷத்தில் கீழே எட்டும் சேர்ந்து இன்னொரு பின்னல் பின்னிக்கொண்டிருக்கும்.

வலது இறங்கும், இடது ஏறும், தட்டு திரும்பும்

எண்கள் மேலே தெரியும்படி தட்டை இடது கையில் பிடியுங்கள். வடக்கு உங்களுக்கு எதிர்ப்பக்கம், தெற்கு உங்கள் வயிற்றுப் பக்கம்.

மேலே இருக்கும் ஜோடியில் வலது இழையை வெட்டிலிருந்து தூக்குங்கள். நேராக ஓட்டையின் மேல் கொண்டுவந்து, கீழே இருக்கும் ஜோடிக்கு வலப்பக்கத்து வெட்டில் மாட்டுங்கள். முதல் முறை அது 15ஆம் எண். இப்போது கீழே மூன்று இழை, மேலே ஒன்று.

கீழே இருக்கும் மூன்றில் இடது ஓரத்து இழையைத் தூக்கி, மேலே தனியாக நிற்கும் இழைக்கு இடப்பக்கத்து வெட்டில் மாட்டுங்கள். முதல் முறை அது 31. மறுபடியும் மேலே இரண்டு, கீழே இரண்டு.

தட்டைக் கால் வட்டம் திருப்புங்கள், கடிகாரத்துக்கு எதிர்த்திசையில். கிழக்கில் இருந்த மஞ்சள் ஜோடி மேலே வரும். அதே இரண்டு அசைவு. மறுபடியும் திருப்புங்கள்.

அவ்வளவுதான். வேறு ஒன்றும் கிடையாது. வலது இறங்கும், இடது ஏறும், தட்டு திரும்பும். வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள், வீட்டில் உள்ளவர்கள் இரண்டு நாளில் பழகிக்கொள்வார்கள். ஜோடிகள் மெல்ல நகர்ந்துகொண்டே போகும். எண்களைப் பார்ப்பதை இரண்டாவது சுற்றோடு விட்டுவிடலாம், ஜோடியைப் பார்த்தால் போதும்.

இழையைத் தூக்கி மாட்டும் அந்த ஒரு கணம்தான் எல்லாமே. கை தன்னையறியாமல் ஒரு இழுப்புக் கொடுக்கும். பூக்கட்டும்போது நாம் முடிச்சை இறுக்குவோம் அல்லவா, அந்தப் பழக்கம். இங்கே அது கூடாது. இழை ஓட்டையின் குறுக்கே தொய்யாமல் நேராகப் படுத்தால் போதும், அதற்குமேல் ஒரு இம்மியும் வேண்டாம். நாணயப்பை ஆடாமல் சும்மா தொங்குகிறதா என்று அவ்வப்போது பாருங்கள். மாட்டும்போதெல்லாம் பை துள்ளினால் நீங்கள் இழுக்கிறீர்கள் என்று அர்த்தம்.

முதல் இரண்டு செ.மீ. அசிங்கமாகத்தான் இருக்கும். கவலைப்பட வேண்டாம், கடைசியில் அது மறைந்துவிடும். அதற்குப் பிறகு கறுப்பும் மஞ்சளும் கயிற்றைச் சுற்றி வளைந்து ஏறுவது தெரியும். உருண்டையாக, கெட்டியாக, சின்னக் கைவேலைப் பாம்பு மாதிரி.

இந்தப் பின்னலுக்குப் பெயர் கொங்கோ குமி. ஆப்பிரிக்காவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஜப்பானிய பௌத்தத்தில் கொங்கோ என்றால் வஜ்ரம். வடமொழியிலிருந்து சீனம் வழியாகப் போன கருத்து. அவிழாமல் உறுதியாக நிற்கிற கயிற்றுக்குப் பொருத்தமான பெயர்தான்.

தப்பு நடந்தால்

நடக்கும். பெரும்பாலும் இரண்டு இடத்தில்.

ஒன்று, திருப்ப மறந்து அதே ஜோடிகளை இரண்டாம் முறை மாற்றுவது, அல்லது அவசரத்தில் அரை வட்டம் திருப்பிவிடுவது. இதற்காகத்தான் நிறத்தை அப்படிப் பிரித்து வைக்கச் சொன்னேன். வடக்கு-தெற்கில் தொடங்கிய இழைகள் கடைசிவரை தங்களுக்குள்ளேயேதான் எதிரெதிராக மாறிக்கொள்ளும், கிழக்கு-மேற்கும் அப்படியே. ஆகவே ஒரு முறை கறுப்பு, அடுத்த முறை மஞ்சள், மறுபடி கறுப்பு என்று மாறிமாறி வர வேண்டும். தொடர்ந்து இரண்டு முறை ஒரே நிறத்தைத் தொட்டால், அங்கேயே நிறுத்துங்கள். ஒரே ஜோடியில் கறுப்பும் மஞ்சளும் கலந்து நின்றால் தப்பு கொஞ்சம் முன்னாலேயே நடந்துவிட்டது.

இரண்டாவது, நடுவில் எழுந்து போவது. அடுப்பில் பால், வாசலில் கூரியர். திரும்பி வந்தால் எந்த ஜோடியில் நின்றோம் என்று தெரியாது. அதற்கு ஒரே வழி, எப்போதும் பாதி அசைவில் நிறுத்துவது. வலது இழையை இறக்கிவிட்டு, இடதை ஏற்றாமல் விடுங்கள். ஒரு பக்கம் மூன்று, எதிர்ப்பக்கம் ஒன்று நிற்கும். வந்து பார்த்ததும் அந்த மூன்றைக் கீழ்ப்பக்கமாகப் பிடித்து, இடதை ஏற்றித் தொடரலாம். என் முதல் கயிற்றின் நடுப்புடைப்பு ஒரு தொலைபேசி அழைப்பின் நினைவுச்சின்னம்.

சரி, தப்பைக் கண்டுபிடித்தாயிற்று, எப்படித் திரும்பிப் போவது? பின்னல் கோலாட்டம் பார்த்திருக்கிறீர்களா? மேலே கட்டிய வண்ணக் கயிறுகளைப் பிடித்துக்கொண்டு பெண்கள் சுற்றிச் சுற்றி ஆட, நடுவே பின்னல் இறங்கும். அப்புறம் அதே ஆட்டத்தைத் தலைகீழாக ஆடினால் பின்னல் அவிழும். இங்கேயும் அதேதான். தட்டைக் கடிகாரத் திசையில் கால் வட்டம் திருப்புங்கள். மேலே இடது இழையை இறக்கிக் கீழ் ஜோடிக்கு இடப்பக்கம் மாட்டுங்கள். கீழே வலது ஓர இழையை ஏற்றி, மேலே நிற்பதற்கு வலப்பக்கம் மாட்டுங்கள். மறுபடியும் திருப்புங்கள். அவசரப்பட்டு எட்டு இழையையும் தட்டிலிருந்து உருவி எடுத்துவிட்டால் எது எங்கே இருந்தது என்று தெரியாது. அப்படிச் செய்தவன் சொல்கிறேன்.

கயிறு ஓட்டைக்கு மேலே எழும்பி வருகிறதென்றால் கீழே எடை போதவில்லை, இரண்டு நாணயம் சேருங்கள். மெலிந்து நீண்டு, இழைகளுக்கு நடுவே சந்து தெரிந்தால் எடை அதிகம். வெட்டுகள் தொளதொளத்து இழை நழுவினால் தட்டுக்கு வயதாகிவிட்டது, அடுத்ததைச் செய்யுங்கள்.

முடிப்பதும் குஞ்சமும்

பத்து செ.மீ. இழை மிச்சம் இருக்கும்போது நிறுத்துங்கள். தட்டிலிருந்து எடுப்பதற்கு முன்பே, எட்டையும் ஓட்டைக்கு அருகில் விரலால் இறுக்கிப் பிடித்து, ஒரு தனி நூலால் கட்டிவிடுங்கள். பிறகு எடுங்கள். வரிசை மாறினால் கட்டு மட்டும் வந்து, பின்னல் பின்னாலேயே அவிழ்ந்துகொண்டு போகும்.

அப்புறம் ஊசியில் நூல் கோத்து, கட்டிய இடத்தின் மேல் நெருக்கமாக எட்டுப் பத்துச் சுற்று சுற்றி, ஊசியைக் கயிற்றின் உள்ளே இரண்டு முறை குத்தி வெளியே எடுத்து வெட்டுங்கள். ஒரு சொட்டுப் பசை. தொடக்கத்து அசிங்கமான இரண்டு செ.மீ. பகுதியிலும் இதே மாதிரி கட்டு போட்டு, அதற்கு வெளியே இருப்பதை வெட்டி எறியுங்கள். பருத்தி நூலுக்குப் பதில் பாலியெஸ்டர் சாட்டின் கயிறாக இருந்தால் நுனியை மெழுகுவர்த்தியில் காட்டி உருக்கலாம். பட்டிலும் பருத்தியிலும் அந்த வேலை வேண்டாம்.

குஞ்சத்தை எனக்கு ரொம்பப் பிடிக்கும், எவ்வளவு கோணலான கயிற்றையும் அது காப்பாற்றிவிடுகிறது. கட்டுக்கு வெளியே இருக்கும் இழைகளின் முறுக்கைப் பிரித்து, புரி புரியாக விடுங்கள். முதலில் சுருண்டு, தலைவாராத பிள்ளை மாதிரி நிற்கும். ஜப்பானில் ஒபிஜிமேயின் குஞ்சம் கலைந்தால் கெட்டில் மூக்கிலிருந்து வரும் ஆவியில் காட்டி நேராக்குவார்கள். நமக்கு இட்லிப் பானை இருக்கிறது. மூடியை லேசாகத் திறந்து, குஞ்சத்தை மட்டும் சில நொடி ஆவியில் காட்டுங்கள். விரல் பத்திரம், இடுக்கியால் பிடிப்பது நல்லது. இழைகள் நேராகத் தொங்கியதும் மெல்லிய பல் சீப்பால் ஒரு தடவை வாரி, ஒரு காகிதப் பட்டையை இறுக்கமாகச் சுற்றி ஆறவிடுங்கள். ஆறியபின் காகிதத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைக் கத்தரியால் ஒரே வெட்டு. காகிதத்தை உருவினால் குஞ்சம் அளவாக நிற்கும். சாயம் போகும் நூல் ஆவியில் நிச்சயம் காட்டிக்கொடுக்கும், முன்னால் சொன்ன வெள்ளைத் துணிச் சோதனையை மறந்துவிடாதீர்கள்.

ஸ்டூல் மருதை

நான்கைந்து கயிறு ஒழுங்காக வந்தபிறகு தட்டு கொஞ்சம் சலிக்கும். ஒவ்வோர் இழையாக எடுத்து மாட்டுவது மெதுவான வேலை. மருதையில் இரண்டு கையும் ஒரே நேரத்தில் வேலை செய்யும், வேகமே வேறு. அசல் மருதை வாங்கிக் கப்பலில் வரவழைக்கும் முன்பு, வீட்டு பிளாஸ்டிக் ஸ்டூலைப் பாருங்கள். உட்காரும் இடத்தின் நடுவில் ஓட்டை உள்ள ஸ்டூல்கள் நம் ஊரில் ஏராளம். ஓட்டையின் விளிம்பையும் ஸ்டூலின் ஓரத்தையும் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்குங்கள். நாற்காலியில் உட்கார்ந்து பின்னச் சரியான உயரம்.

தமாவுக்கு 50 மில்லி மருந்துக்குப்பி எட்டு. மணல் நிரப்பி, சமையலறைத் தராசில் வைத்து, எல்லாம் 70 கிராம் வரும்படி செய்யுங்கள். 70தான் வேண்டும் என்றில்லை, எட்டும் ஒரே எடை என்பதுதான் முக்கியம். ஒன்று கனத்தால் அந்த இழை மட்டும் கயிற்றுக்குள் அமுங்கும். நூலைக் குப்பியின் கழுத்தில் சுற்றி, கடைசியில் ஒரு கண்ணி போட்டு மாட்டுங்கள். குப்பியை உருட்டினால் நூல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்க வேண்டும், தானாக அவிழக்கூடாது.

எதிர்எடைக்குக் கணக்கு உண்டு. எட்டு குப்பி, ஒவ்வொன்றும் 70 கிராம், மொத்தம் 560. எதிர்எடை அதில் பாதி, அல்லது பாதிக்குச் சற்றுக் குறைவு: 250 முதல் 280 கிராம். குறைத்தால் கயிறு இறுகி விறைக்கும், கூட்டினால் மிருதுவாகித் தளரும். கழுத்தில் போடும் பதக்கக் கயிறுக்கு 280, பைக்குக் கைப்பிடி என்றால் 240 என்று நானாக வைத்துக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு கயிற்றுக்கும் என்ன நூல், எத்தனை இழை, என்ன எடை, வெட்டியது எவ்வளவு, வந்தது எவ்வளவு என்று ஒரு நோட்டில் எழுதி, கயிற்றின் ஒரு துண்டையும் அதில் ஒட்டிவையுங்கள்.

கொங்கோ குமிக்கு இங்கே வலது கை எதிர்ப்பக்கத்து ஜோடியின் வலது இழையைக் கொண்டுவந்து உங்கள் பக்கத்து ஜோடிக்கு வலப்புறம் வைக்கும். அதே கணத்தில் இடது கை உங்கள் பக்கத்து இடது இழையை எதிர்ப்பக்க ஜோடிக்கு இடப்புறம் வைக்கும். பிறகு பக்கவாட்டு ஜோடிகள்: வலது ஓர ஜோடியில் உங்களுக்கு அருகில் இருப்பது இடது ஜோடியின் அருகுப்புறத்துக்கும், இடது ஓர ஜோடியில் தொலைவில் இருப்பது வலது ஜோடியின் தொலைப்புறத்துக்கும் போகும். வெட்டு இல்லாததால் ஜோடிகள் நகர்ந்து போனால் அவ்வப்போது பழைய இடத்துக்குத் தள்ளி வையுங்கள். இழையை விட்டதும் குப்பி ஓரத்தில் டொக்கென்று தட்டும். அந்தச் சத்தம் சீராக வந்தால் கயிறும் சீராக வருகிறது.

இங்கேதான் இழுக்கும் பழக்கம் முழுசாகப் போனது எனக்கு. இரண்டு கையிலும் இழை இருக்கும்போது இழுக்க மூன்றாவது கை இல்லை.

கொங்கோ கைக்கு வந்ததும் அடுத்தது எடோ யாட்சு. ‘யாட்சு’ எட்டு. எட்டில் நான்கு இழை ஒரு திசையிலும் நான்கு எதிர்த்திசையிலும் மேடையைச் சுற்றி வரும், எதிர்ப்படும் இழையை ஒரு முறை மேலாகவும் அடுத்த முறை கீழாகவும் கடக்கும். கோலாட்டம் ஆடியவர்களுக்குக் கற்றுக்கொடுக்கவே தேவையில்லை. கொங்கோவைவிட இலேசான, உள்ளே கூடான கயிறு வரும். அந்தக் கூட்டுக்குள் ஒரு தடித்த நூலை விட்டுப் பின்னினால் இன்னும் உருண்டையாக நிற்கும்.

ஒரு எச்சரிக்கை மட்டும். பாதி பின்னிய ஸ்டூலை ஹாலில் விட்டுவைக்காதீர்கள். விருந்தாளி வந்தால் முதலில் கண்ணில் படுவது அதுதான், எட்டுக் குப்பியையும் ஒதுக்கிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள்.